நிலவேம்பின் கசப்பைப் பிரிப்பது எப்படி: சாக்ஸ்லெட்டா ஊறவைப்பதா, ஜிசி-எம்எஸ்ஸா ஹெச்பிஎல்சியா?

என் முதுகலை வைவாவில் வெளித்தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஜிசி-எம்எஸ் (பொருளை ஆவியாக்கிப் பிரித்து, நிறையை வைத்து அடையாளம் காணும் கருவி) அட்டவணையில் நின்றார். நிலவேம்பு இலை, மெத்தனால் சாறு, 27 சேர்மங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "புற்றுநோய் எதிர்ப்பு, கிருமி எதிர்ப்பு" என்று ஒரு பத்தி. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "நிலவேம்பை வாயில போட்டுப் பார்த்திருக்கியாம்மா? அந்தக் கசப்பு இதுல எத்தனாவது பீக்?"

ஒவ்வொரு சேர்மமும் கருவியின் வரைபடத்தில் ஒரு முகடாக, அதாவது பீக்காக, எழும். அந்த 27-இல் கசப்பே இல்லை. அந்தக் கருவியில் அது வரவும் வராது. ஆறு மாத வேலையும் பகுப்பாய்வுக்குக் கட்டிய பணமும் செடியின் முக்கியமான சேர்மத்தைத் தொடாமலே முடிந்திருந்தன.

ஜனவரி பிறந்தால் புராஜெக்ட் மாணவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். "அக்கா, சாக்ஸ்லெட் போடவா, ஊறவைக்கவா?" "ஜிசி-எம்எஸ் போதுமா, ஹெச்பிஎல்சி வேணுமா?" சாக்ஸ்லெட் என்பது கொதிக்கும் கரைப்பானால் சாறெடுக்கும் கண்ணாடிக் கருவி; ஹெச்பிஎல்சி என்பது கரைசலாகவே சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவி. எல்லாச் செடிக்கும் பொருந்தும் ஒரு பதில் இதற்குக் கிடையாது. நிலவேம்பு என்ற ஒரே செடியை எடுத்துக்கொண்டு வழிகளை எடைபோட்டுப் பார்க்கிறேன். வேறு செடி என்றால் இதே கேள்விகளை அந்தச் செடியிடம் கேளுங்கள்.

## நாம் தேடுவது எப்படிப்பட்ட சேர்மம்?

நிலவேம்பின் கசப்புக்கு முதன்மைக் காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைடு. டைடெர்பீன் லாக்டோன் வகை, மூலக்கூறு எடை 350. இதைத் தனியாகப் பிரித்து 1911-இலேயே அறிக்கை வந்துவிட்டது. மெத்தனாலிலும் எத்தனாலிலும் நன்றாகக் கரையும், தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும், ஹெக்சேனில் கரையாது. தூய படிகம் உருக ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ் வேண்டும். காரத்தன்மையுள்ள கரைசலில் லாக்டோன் வளையம் திறந்துகொள்ளும். சூட்டிலும் நாள்பட்ட சேமிப்பிலும் இதில் ஒரு பகுதி தண்ணீர் மூலக்கூறை இழந்து டீஹைட்ரோ வடிவமாக மாறும். கூடவே நியோஆண்ட்ரோகிராஃபோலைடு போன்ற சர்க்கரை ஏறிய உறவுச் சேர்மங்களும் ஃபிளேவனாய்டுகளும் இருக்கின்றன. தண்டைவிட இலையில் ஆண்ட்ரோகிராஃபோலைடு அதிகம். பூக்கத் தொடங்கும் பருவத்தில் பறித்து நிழலில் உலர்த்திய இலையும், கடையில் இரண்டு வருடம் கிடந்த சூரணமும் ஒரே எண்ணைத் தராது.

அதற்கும் முன்னால் செடி சரியான செடியா என்று பாருங்கள். சிறியாநங்கை, பெரியாநங்கை என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுகின்றன. கோபுரந்தாங்கியும் இதே பேரினம்தான். வட இந்தியாவில் சிராயதா என்று விற்கப்படும் ஸ்வெர்ஷியாவோடும் நிலவேம்பு கலந்துவிடுகிறது. பூவோடு ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலோ உங்கள் கல்லூரித் தாவரவியல் துறையிலோ அடையாளம் உறுதிசெய்து வவுச்சர் எண் (பாதுகாக்கப்படும் உலர்மாதிரிக்கான பதிவு எண்) வாங்குங்கள். அது இல்லாமல் தொடங்கினால் பின்னால் செய்வது எதற்கும் மதிப்பில்லை.

## எதை வைத்து எடைபோடுவது?

முறையைத் தேர்வு செய்யும் முன் ஐந்து கேள்விகளுக்குக் கையால் பதில் எழுதிவையுங்கள்.

1. தேடும் சேர்மம் எந்தக் கரைப்பானில் கரையும், எவ்வளவு சூடு தாங்கும்?
2. நோக்கம் என்ன: அளவு கண்டுபிடிப்பதா, தூய சேர்மமாகப் பிரிப்பதா, செயல்திறன் சோதனைக்குச் சாறு தயாரிப்பதா?
3. எத்தனை மாதிரிகள்? ஒரு செடியா, பத்துக் கடைகளின் பத்துப் பொட்டலங்களா?
4. கரைப்பான், தண்ணீர், மின்சாரம், ஆள் நேரம் எல்லாம் சேர்த்து உண்மையான செலவு என்ன?
5. அடுத்த வாரம் இன்னொருவர் செய்தால் அதே எண் வருமா?

இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் ஆய்வகத்துக்குள் போகிறவர்கள்தான் அதிகம். ஆய்வகத்தில் எந்தக் கருவி சும்மா இருக்கிறதோ அதையே முறையாக எழுதிவிடுகிறார்கள்.

## சாறெடுக்கும் வழிகள்

### ஊறவைத்தல்

பத்துக்கு ஒன்று என்ற கணக்கில், 100 கிராம் தூளுக்கு 1 லிட்டர் மெத்தனால். பழுப்பு நிறப் புட்டியில் மூடிவைத்து இடையிடையே குலுக்கி, 24 முதல் 72 மணி நேரம் கழித்து மல்துணியிலும் பிறகு வாட்மேன் தாளிலும் வடிகட்டுவது. சூடே இல்லாததால் சேர்மம் மாறும் பயம் குறைவு. கருவி எதுவும் வேண்டாம். ஆயுர்வேத மருந்து நூல் தரநிலைகளில் ஆல்கஹாலில் கரையும் பகுதியை அளக்கும் முறையும் இதுதான்: 5 கிராம் தூள், 100 மில்லி ஆல்கஹால், 6 மணி நேரம் அடிக்கடி குலுக்கி, 18 மணி நேரம் அப்படியே விடுவது.

மறைந்திருக்கும் செலவு கரைப்பானில் இருக்கிறது. ஊறிய தூள் கணிசமான கரைப்பானைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். ஒரே முறை ஊறவைத்தால் சேர்மத்தில் ஒரு பங்கு சக்கையோடு போய்விடும். மூன்று முறை திரும்பச் செய்தால் 100 கிராமுக்கு 3 லிட்டர், அவ்வளவையும் ரோட்டவேப்பில் (குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கி எடுக்கும் கருவியில்) ஓட்டி எடுக்க ஒரு நாள். ரோட்டவேப் இல்லை என்று பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி வாட்டர் பாத்தில் கொதிக்கவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். மூன்று நாள் சூடுபடாமல் காத்த சாறு, கடைசி இரண்டு மணி நேரத்தில் தீய்ந்துபோகிறது. 40 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்த வழி இருந்தால் மட்டுமே ஊறவைப்பதன் நன்மை உங்கள் கைக்கு வரும்.

### சாக்ஸ்லெட்

ஜெர்மன் வேளாண் வேதியியலாளர் ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் 1879-இல் பாலிலுள்ள கொழுப்பை அளக்கச் செய்த கருவி இது. கீழே குடுவையில் கரைப்பான் கொதிக்கும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து திம்பிளில் (தூள் போடும் தாள்குழாயில்) இருக்கும் தூள்மீது சொட்டும். நிரம்பியதும் சைஃபன் வழியாக மொத்தமும் கீழே இறங்கும். தூளுக்கு ஒவ்வொரு சுற்றிலும் புதுக் கரைப்பான் கிடைப்பதுதான் இதன் பலம். 25 கிராம் தூளுக்கு 250 மில்லி போதும், ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் சக்கை வெளுத்துவிடும்.

சூட்டைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. திம்பிளில் இருக்கும் தூள் குளிர்ந்து சொட்டிய கரைப்பானில்தான் நனைகிறது, அதற்குப் பெரிய ஆபத்தில்லை. ஆபத்து கீழே. முதல் சுற்றில் இறங்கிய சேர்மம் எட்டு மணி நேரமும் குடுவையிலேயே கொதித்துக்கொண்டிருக்கும். மெத்தனாலின் கொதிநிலை 64.7 டிகிரி, ஆண்ட்ரோகிராஃபோலைடு அதைப் பெரும்பாலும் தாங்கும். ஆனால் டீஹைட்ரோ வடிவம் செடியிலேயே எவ்வளவு இருந்தது என்று அளப்பது உங்கள் ஆய்வானால் சாக்ஸ்லெட் சாறு குழப்பிவிடும். சூடு தாங்காத சேர்மங்களில் விளைவு இன்னும் கடுமை. மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினினைத் தேடிய சீன ஆய்வாளர் து யூயூவின் குழு, சூட்டைக் குறைத்து, 35 டிகிரிக்கும் கீழே கொதிக்கும் ஈதருக்கு மாறிய பிறகுதான் 1971-இல் நிலையான பலனைக் கண்டது.

மறைந்திருக்கும் செலவு தண்ணீர். கண்டென்சருக்கு (ஆவியைக் குளிர்விக்கும் குழாய்க்கு) நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்றாலும் எட்டு மணி நேரத்துக்கு 480 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. மே மாதத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் வெந்நீராகவே வரும், ஆவி சரியாகக் குளிராது. நான் வேலைபார்த்த ஓர் ஆய்வகத்தில் மதியம் தொட்டி காலியானதை யாரும் கவனிக்கவில்லை. மேன்டில் (குடுவையைச் சூடாக்கும் மின் அடுப்பு) எரிந்துகொண்டே இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தபோது குடுவையின் அடியில் கரும்பச்சைத் தார் மட்டும் மிச்சம், அறை முழுக்க மெத்தனால் நெடி. ஒரு பொறி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஒரு வாளி, ஐஸ்கட்டி, மீன்தொட்டி மோட்டார் வைத்துச் சுற்றவிடுங்கள். தண்ணீரும் மிச்சம், தொட்டியை நம்ப வேண்டியதும் இல்லை. அப்போதும் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பெட்ரோலியம் ஈதர், குளோரோஃபார்ம், எத்தில் அசிட்டேட், மெத்தனால் என்று வரிசையாக ஓட்டும் வழக்கம் நம் கல்லூரிகளில் பரவலாக இருக்கிறது. முதல் படி நல்லது, பச்சையத்திலும் மெழுகிலும் ஒரு பகுதியைக் கழற்றிவிடும். ஆனால் நிலவேம்பில் அதற்குப் பிறகு ஆண்ட்ரோகிராஃபோலைடு ஒன்றுக்கு மேற்பட்ட சாறுகளில் பங்குபோட்டு உட்கார்ந்துகொள்ளும். மெத்தனால் சாற்றை மட்டும் அளந்துவிட்டு "செடியில் இவ்வளவுதான்" என்று எழுதினால் தவறு.

### அல்ட்ராசோனிக் குளியல்

அளவு கண்டுபிடிப்பதுதான் நோக்கமென்றால் நான் முதலில் கைவைப்பது இதில்தான். 1 கிராம் தூள், 20 மில்லி மெத்தனால், 30 நிமிடம். ஒலி அலை உண்டாக்கும் நுண்குமிழ்கள் வெடித்துச் செல்சுவரைக் குலைக்கும், கரைப்பான் உள்ளே புகும். ஒரே நாளில் இருபது மாதிரி முடித்துவிடலாம். கவனிக்க வேண்டியவை இரண்டு. அரை மணியில் குளியல் தண்ணீர் சூடாகிவிடும், ஐஸ் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டிக்குள் எல்லா இடத்திலும் ஒலியின் பலம் ஒன்றாக இருக்காது, ஒவ்வொரு முறையும் குடுவையை ஒரே இடத்தில் நிறுத்துங்கள். தூய சேர்மம் கிராம் கணக்கில் வேண்டுமென்றால் இது போதாது.

### காய்ச்சுதல்

தண்ணீரில் சரியாகக் கரையாததைத் தண்ணீரில் எடுப்பது வீண் என்று சொல்லிவிடாதீர்கள். மக்கள் குடிப்பது குடிநீரைத்தான். 2012 டெங்கு பரவலின்போது தமிழக அரசு வழங்கிய நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என ஒன்பது சரக்கு. குடிநீரின் பலனை ஆராய்கிறவர் மெத்தனால் சாற்றை எலிக்குக் கொடுத்துவிட்டுக் குடிநீரைப் பற்றி முடிவு எழுதுவது அநியாயம். மக்கள் காய்ச்சுவது போலவே, கால்பங்காகச் சுண்டக் காய்ச்சித்தான் எடுக்க வேண்டும். கஷ்டம் பிறகு வரும்: நீர்ச்சாறு ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கும், ரோட்டவேப்பில் நுரைத்துப் பொங்கும். உறையவைத்து உலர்த்தும் லயோஃபிலைசர் எங்கே கிடைக்கும் என்று பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

மீநெருக்கடிநிலைக் கார்பன் டை ஆக்சைடு முறையைப் பற்றியும் கேட்கிறார்கள். 31 டிகிரி, 74 பார் தாண்டினால் அந்த வாயு கரைப்பானைப் போல நடந்துகொள்ளும். மணமுள்ள எண்ணெய்களுக்கு அருமையானது, ஆண்ட்ரோகிராஃபோலைடுக்கு எத்தனால் கலந்தால்தான் ஓரளவு வரும். மாணவர் புராஜெக்டுக்கு இது வேண்டாம்.

| அளவுகோல் | ஊறவைத்தல் | சாக்ஸ்லெட் | அல்ட்ராசோனிக் | காய்ச்சுதல் |
|---|---|---|---|---|
| நேரம் | 1–3 நாள் | 6–8 மணி | 30 நிமிடம் | 1–2 மணி |
| சூடு | இல்லை | குடுவையில் தொடர்ந்து | ஐஸ் போட்டால் குறைவு | அதிகம் |
| கரைப்பான் | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு | தண்ணீர் மட்டும் |
| முழுமையாக இறங்குமா | திரும்பத் திரும்ப ஊறவைத்தால் | ஆம் | சிறு மாதிரியில் ஆம் | இல்லை |
| மறைந்த செலவு | உலர்த்தும் நேரம் | தண்ணீர், ஆள் காவல் | சிறு அளவே முடியும் | பூஞ்சை, உலர்த்தும் கருவி |
| எப்போது சிறந்தது | சூடு தாங்காத சேர்மம், செயல்திறன் சோதனை | சேர்மத்தைக் கிராம் கணக்கில் பிரிக்க | அளவு காண, பல மாதிரிகள் | மக்கள் குடிக்கும் மருந்தை ஆராய |

### சாறு அதிகம் என்றால் சேர்மம் அதிகமா?

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 100 கிராம் தூளில் சாக்ஸ்லெட் 18 கிராம் சாறு தந்தது, அதில் 8 சதவீதம் ஆண்ட்ரோகிராஃபோலைடு. ஊறவைத்ததில் 12 கிராம் சாறு, அதில் 13 சதவீதம். முதலாவதில் சேர்மம் 1.44 கிராம், இரண்டாவதில் 1.56 கிராம். சாற்றின் எடையை மட்டும் பார்த்து "சாக்ஸ்லெட்டே சிறந்தது" என்று எழுதியவர் பச்சையத்தையும் மெழுகையும் எடைபோட்டிருக்கிறார். சாறெடுக்கும் முறைகளை ஒப்பிட வேண்டுமானால் சேர்மத்தை அளந்தே தீர வேண்டும். அதனால் அடுத்த தேர்வு இதைவிட முக்கியம்.

## அளக்கும் வழிகள்

### டிஎல்சியும் ஹெச்பிடிஎல்சியும்

டிஎல்சி என்பது மெல்லிய பூச்சுத் தகட்டில் சேர்மங்களைப் பிரிப்பது. சிலிக்கா பூசிய தகட்டில் சாற்றை ஒரு புள்ளி, பக்கத்தில் ஸ்டாண்டர்டை (ஒப்பிடுவதற்கான தூய சேர்மத்தை) ஒரு புள்ளி வைத்து, குளோரோஃபார்ம் 9, மெத்தனால் 1 என்ற கலவையில் ஓட்டிப் பாருங்கள். 254 நானோமீட்டர் விளக்கில் கரும்புள்ளியாகத் தெரியும். அனிசால்டிஹைடு–கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்கினால் நிறம் ஏறும். எந்தப் பெரிய கருவிக்குப் போவதானாலும் இதைச் செய்யாமல் போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. சாற்றில் சேர்மம் இருக்கிறதா இல்லையா என்பது ஒரு மதியத்தில் தெரிந்துவிடும்.

இதையே இயந்திரம் கொண்டு துல்லியமாகப் புள்ளியிட்டு, டென்சிடோமீட்டரில் (புள்ளியின் ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவியில்) அளப்பது ஹெச்பிடிஎல்சி. ஒரே தகட்டில் பதினைந்து மாதிரி வரை பக்கம்பக்கமாக ஓடும். தகடு ஒருமுறை பயன்பாடு என்பதால் அழுக்குச் சாறு ஓடினாலும் நட்டமில்லை. பல கடைகளின் நிலவேம்புத் தூளை ஒப்பிடவோ கலப்படம் பார்க்கவோ இதைவிடப் பொருத்தமானது இல்லை. எண்ணின் துல்லியத்தில் மட்டும் ஹெச்பிஎல்சிக்கு ஒரு படி கீழே.

### ஹெச்பிஎல்சி

ஆண்ட்ரோகிராஃபோலைடின் அளவைச் சதவீதத்தில் சொல்ல வேண்டுமென்றால் இதுதான் வழி. சி18 காலம் (column, சேர்மங்களைப் பிரிக்கும் குழாய்), மெத்தனாலும் தண்ணீரும் 65-க்கு 35 என்ற கலவை, நிமிடத்துக்கு 1 மில்லி, 223 நானோமீட்டர். டீஹைட்ரோ வடிவம் 250 நானோமீட்டரை ஒட்டி ஒளியை உறிஞ்சுவதால் பிடிஏ உணரி (பல அலைநீளங்களை ஒரே நேரத்தில் பார்க்கும் உணரி) இருந்தால் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம். சூடு சேர்மத்தை மாற்றியதா என்ற கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

செலவு என்றதும் ஓட்டத்துக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்கிறார்கள். தூய ஸ்டாண்டர்டு மில்லிகிராம் கணக்கில் விலைக்கு வாங்க வேண்டும். ஐந்து புள்ளி அளவுக்கோடு (தெரிந்த செறிவுகளை வைத்து வரையும் ஒப்பீட்டுக் கோடு), ஒவ்வொன்றும் மூன்று முறை என்றால் உங்கள் மாதிரி உள்ளே போகும் முன்பே 15 ஊசி. 20 நிமிட ஓட்டமானால் 5 மணி நேரம், 300 மில்லி கரைப்பான். பச்சையம் நீக்காத சாற்றை நேராக ஏற்றினால் அது காலத்தின் வாயிலேயே பிடித்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும், அடுத்து வருகிறவர் உங்களைத் திட்டுவார். முதலில் ஹெக்சேனில் கழுவுங்கள், 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டுங்கள், கார்டு காலம் (முதன்மைக் காலத்துக்கு முன்னால் வைக்கும் சிறு பாதுகாப்புக் குழாய்) போடுங்கள்.

ஸ்டாண்டர்டு வந்த அதே நிமிடத்தில் ஒரு பீக் வந்தால் அது ஆண்ட்ரோகிராஃபோலைடு என்று முடிவுகட்ட முடியாது. சாற்றில் கொஞ்சம் ஸ்டாண்டர்டு கலந்து மறுபடி ஓட்டி அந்தப் பீக் மட்டும் உயர்கிறதா என்று பாருங்கள், பிடிஏ நிறமாலையையும் ஒப்பிடுங்கள்.

### ஜிசி-எம்எஸ்

இதில் பொருள் முதலில் ஆவியாக வேண்டும். ஊசி செலுத்தும் வாய் 250 டிகிரி சூட்டில் இருக்கும். மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகளோடு இருக்கும் ஆண்ட்ரோகிராஃபோலைடு அங்கே ஆவியாகிக் காலத்துக்குள் போகாது, சிதையும் அல்லது லைனரிலேயே (அந்த வாய்க்குள் இருக்கும் கண்ணாடிக் குழாயிலேயே) தங்கிவிடும். அப்படியானால் என் அட்டவணையில் வந்த 27 எவை? பைட்டால், ஹெக்சாடெக்கனாயிக் அமிலம், லினோலெனிக் அமிலம், நியோபைட்டடைன், ஸ்குவாலீன். பச்சையத்தின் வாலும் இலைக் கொழுப்பும். முருங்கையைப் போட்டாலும் துத்தியைப் போட்டாலும் பெரும்பாலும் இதே பட்டியல் வரும். வெவ்வேறு மூலிகைகளைப் பற்றிய ஆய்வேடுகளில் ஒரே அட்டவணை திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

இன்னும் வருத்தமான ஒன்று உண்டு. தாலேட் என்ற பெயர் உங்கள் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். 149 என்ற நிறை எண்ணில் உயரமான கோடு இருந்தால் பெரும்பாலும் அது பிளாஸ்டிக் புட்டியிலிருந்தோ குழாயிலிருந்தோ வந்தது. 207, 281 என்ற கோடுகள் காலத்தின் பூச்சு கழன்று வரும் சிலாக்சேன். செடியில் இல்லாத இவற்றுக்கு "மருத்துவப் பயன்" எழுதப்பட்டிருப்பதை நான் ஒருமுறை அல்ல, பலமுறை படித்திருக்கிறேன். நிஸ்ட் நூலகப் பொருத்தம் (அமெரிக்கத் தர நிறுவனத்தின் நிறமாலைத் தொகுப்போடு ஒத்துப்போகும் மதிப்பெண்) 1000-க்கு 900 தாண்டினால் மிக நன்று, 600-க்குக் கீழே என்றால் நம்பவே வேண்டாம். அந்த எண்ணை அட்டவணையில் போடாமல் பெயரை மட்டும் போடுவது வாசிப்பவரை ஏமாற்றுவது. ஆல்கேன் வரிசையை ஓட்டி ரிட்டென்ஷன் இண்டெக்ஸும் (பொருள் வெளிவரும் நேரத்தை ஆல்கேன்களோடு ஒப்பிட்ட எண்ணும்) கணக்கிட்டால்தான் பெயருக்கு ஓரளவு உறுதி.

இந்தக் கருவிமேல் எனக்குக் கோபமில்லை. துளசியின் யூஜினால், ஓமவல்லியின் கார்வக்ரால், வசம்பின் அசரோன், வெட்டிவேர் எண்ணெய் என்றால் கிளெவெஞ்சரில் (நீரோடு கொதிக்கவைத்து எண்ணெய் வடிக்கும் கருவியில்) எண்ணெய் வடித்து ஜிசி-எம்எஸ்ஸுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஹெச்பிஎல்சியை நாடுவதுதான் சுற்றுவழி. கொழுப்பமிலங்களை மெத்தில் எஸ்டராக்கி அளப்பதற்கும் இதுவே சரி.

### எல்சி-எம்எஸ், என்எம்ஆர்

சேர்மம் மிகக் குறைந்த அளவில் இருந்தாலோ, சாற்றில் தெரியாத உறவுச் சேர்மங்களைத் தேடினாலோ எல்சி-எம்எஸ் (ஹெச்பிஎல்சியோடு நிறை அளக்கும் கருவியை இணைத்தது). புதிதாகச் செய்பவர் நேர்மின் முறையில் 351 என்ற நிறை எண்ணைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் தண்ணீர் இழந்து 333-இலோ, சோடியத்தோடு ஒட்டி 373-இலோ அது நிற்கும். எதிர்மின் முறையில் 349. அமைப்பை உறுதிசெய்ய என்எம்ஆர் (காந்தப் புலத்தில் மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் கருவி) வேண்டும், அதற்குச் சில மில்லிகிராம் தூய பொருள் தேவை. டியூட்டீரியம் ஏற்றிய குளோரோஃபார்மில் இது நன்றாகக் கரையாது, டிஎம்எஸ்ஓ கேளுங்கள். ஐஐடி மெட்ராஸின் எஸ்ஏஐஎஃப் (நவீனப் பகுப்பாய்வுக் கருவி மையம்) போன்ற மையங்களில் வெளியாரும் கட்டணம் செலுத்தி மாதிரி கொடுக்கலாம். வரிசை நீளமாக இருக்கும் என்பதால் பிப்ரவரியிலேயே கொடுத்துவிடுங்கள்.

## உங்கள் நிலைமைக்கு எது?

மூன்று மாத முதுகலைப் புராஜெக்ட், ஒரே செடி. அல்ட்ராசோனிக், டிஎல்சி, பிறகு ஹெச்பிஎல்சி. ஒரே ஒரு சேர்மத்தின் அளவை மூன்று முறை திரும்பச் செய்து சொன்னால் போதும். 27 பெயர்களைவிட அந்த ஒரு எண் கனமானது.

கிருமி அல்லது செல் சோதனைக்குச் சாறு வேண்டும். ஊறவைத்தல், 40 டிகிரிக்குள் உலர்த்தல். ஒவ்வொரு தொகுதிச் சாற்றிலும் ஆண்ட்ரோகிராஃபோலைடு எவ்வளவு என்று அளந்து குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தொகுதியில் பலன் மாறும்போது காரணம் தெரியாது.

தூய சேர்மமே வேண்டும். முதலில் ஹெக்சேனில் கழுவி, பிறகு சாக்ஸ்லெட்டில் மெத்தனால். அந்தச் சாற்றை ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு வடிகட்டினால் பச்சை இறங்கும். சுண்டவைத்துக் குளிரில் விட்டு மறுநாள் காலை பீக்கரைத் தூக்கிப் பார்த்தால் சுவரோரம் நிறமற்ற படிகங்கள் மினுக்கும். முதல்முறை பார்த்தபோது நான் ஆய்வகத்தில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் படிகத்தை மறுபடி படிகமாக்கி என்எம்ஆருக்கு அனுப்புங்கள்.

கடைச் சரக்கின் தரம் பார்க்க வேண்டும். அல்ட்ராசோனிக், ஹெச்பிடிஎல்சி. வேறு யோசனை வேண்டாம்.

ஜிசி-எம்எஸ் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, பணம் திரும்ப வராது. அந்த முடிவை "ஆவியாகும் பகுதியும் கொழுப்பமிலப் பகுதியும்" என்று தலைப்பிட்டு அப்படியே நேர்மையாக எழுதுங்கள், தாலேட்டையும் சிலாக்சேனையும் அடித்துவிடுங்கள். பிறகு துறையில் யாரிடமாவது ஒரு துளி ஸ்டாண்டர்டு கேட்டு வாங்கி, உங்கள் சாற்றின் பக்கத்தில் வைத்து ஒரு தகடு ஓட்டி, படம் எடுத்து ஏட்டில் ஒட்டுங்கள். வைவாவில் கசப்பு எங்கே என்று கேட்டால் அந்தப் புள்ளியில் விரலை வைத்துக் காட்டலாம்.